சம்பந்தியோடு தாய்லாந்தில் கீரை தின்ற கதை

தாய்லாந்தின் தென்கரை முழுக்க வான் வண்டியில் சுற்றியும் வெள்ளரிக்காயும் கங்குன் கீரையும் மட்டும் தின்றுகொண்டு திரிந்த யாழ்ப்பாணத்தான் என்னைத் தவிர வேறு யாரும் இருக்க முடியாது. இருந்தால் அவனும் பெண்ணைப் பெற்றவனாகத்தான் இருப்பான்.

எனக்குத் தெல்லிப்பழையில் உரக்கடை. ஒரே மகள் தர்ஷினி, ஆஸ்பத்திரியில் இரத்தப் பரிசோதனைப் பகுதியில் வேலை. வயது முப்பது. பேசிய இரண்டு சம்பந்தம் குழம்பிப் போனது. ஒன்று செவ்வாய்க் குற்றம், மற்றது மாப்பிள்ளையின் குற்றம். மூன்றாவதாகத் தரகர் கொண்டுவந்த பையன்தான் கஜன். ஊர் பருத்தித்துறை, வேலை தாய்லாந்தில் ஓர் இறால் கம்பனியில், குளிரூட்டும் இயந்திரங்களுக்குப் பொறுப்பான எஞ்சினியர். தகப்பன் நவரத்தினம் அண்ணை வெளிநாட்டுக் கப்பல்களில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவர்கள் பரம்பரையாகக் கடலோடிகள், நாங்கள் பரம்பரையாகத் தோட்டக்காரர். இரண்டு ஊருக்கும் இடையில் பஸ் ஓடுகிற அளவுக்குச் சம்பந்தம் ஓடியதில்லை. அதனால் ஆளுக்காள் காட்டுகிற மரியாதை கொஞ்சம் கூடிப்போய்விட்டது. அங்கேதான் பிழைத்தது.

அவர்கள் பெண் பார்க்க வந்தது வெள்ளிக்கிழமை. வெள்ளியில் எங்கள் வீட்டில் மரக்கறிதான். நாங்கள் அவர்கள் வீட்டுக்குப் போனது நல்லூர்த் திருவிழாக் காலம். அந்த நாட்களில் யாழ்ப்பாணத்தில் பாதி வீடுகளில் மீன்சட்டி கவிழ்த்துத்தான் கிடக்கும். அங்கும் மரக்கறிதான். நவரத்தினம் அண்ணை ஒப்பரேசனுக்குப் பிறகு நேர்த்தி வைத்து, வீட்டோடு மச்சத்தை, அதாவது மீன், இறைச்சி, முட்டை எல்லாவற்றையும், விட்டுவிட்டார் என்று தரகர் வந்து சொன்னார். கேட்டதும் என் மனைவி சிவகாமி கொஞ்சமும் யோசிக்காமல், எங்களுக்கும் மரக்கறிதான் விருப்பம் என்று சொல்லிவிட்டாள். அவள் அதைச் சொன்னபோது குசினியில் விளைமீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

கஜனுக்கு ஊருக்கு வருகிற அளவுக்கு லீவு கிடைப்பது கஷ்டம். தர்ஷினியோ படத்தைப் பார்த்துக் கழுத்தை நீட்ட மாட்டேன், பழகிப் பார்த்துத்தான் சொல்லுவேன் என்று நின்றாள். அப்படியென்றால் இரண்டு குடும்பமும் தாய்லாந்துக்கு வாருங்கள், பொடியன் வான் ஓட்டுவான், ஆறுதலாகச் சுற்றிப் பார்த்துக்கொண்டே பழகலாம் என்றார் நவரத்தினம் அண்ணை. என் தமக்கை, ஊர் என்ன கதைக்கும் என்று கேட்டாள். ஊர் எப்படியும் கதைக்கும், நாங்கள் கடல் பார்த்துவிட்டு வருகிறோம் என்றேன். புறப்படும்போது தர்ஷினி ஒரு கட்டளை போட்டாள்.

"கடைசி நாள் பின்னேரம் நான் சொல்லுவன். அதுக்கு முன்னம் ஒருதரும் என்னைக் கேக்கக்கூடாது. கேட்டால் அந்த இடத்திலேயே வேண்டாம் எண்டுவன்."

ஆகவே இந்தப் பயணத்தில் நான் வாயைக் கட்டவேண்டியது இரண்டு விதத்தில்.

முதல் நாள் மத்தியானம் கடலோரமாக ஒரு சாப்பாட்டுக் கடையில் இறங்கினோம். வாசலிலேயே கண்ணாடித் தொட்டிகள். உள்ளே நண்டும் சிங்க இறாலும் உயிரோடு நடந்து திரிந்தன. ஒரு நண்டு கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து நின்று என்னையே பார்த்தது. நான் சோதனை மண்டபத்தில் இருக்கிற பிள்ளை மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டேன். என்ன சாப்பிடுவோம் என்று கஜன் கேட்டான். யாழ்ப்பாணத்தார் ஐந்து பேரிடம் கேட்கக்கூடாத கேள்வி அது. பசியில்லை என்றார் நவரத்தினம் அண்ணை. பிளேனிலேயே சாப்பிட்டுவிட்டோம் என்றாள் சிவகாமி. பிளேனில் தந்தது ஒரு சின்னப் பணிஸ் ரொட்டி. கஜனின் அம்மா பவளம் அக்கா, எங்களைப் பார்க்க வேண்டாம், நீங்கள் சாப்பிடுங்கோ என்று எங்களுக்கு உபசாரம் செய்தார். கடைசியில் வெறும் சோறும், வெள்ளரிக்காயும், அவித்த முட்டைக்கோவாவும் வந்தன. கடைக்காரப் பெண் எங்கள் மேல் இரக்கப்பட்டு ஒரு பெரிய முட்டைப் பொரியலைத் தானாகவே கொண்டுவந்து வைத்தாள். அது நவரத்தினம் அண்ணைக்கு முன்னால் இருந்து எனக்கு முன்னால் வந்து, எனக்கு முன்னால் இருந்து பவளம் அக்காவுக்கு முன்னால் போய், ஒருவரும் தொடாமல் ஆறிப்போய் உள்ளே திரும்பியது. அந்தப் பெண் அதை எடுத்துக்கொண்டு போகும்போது நவரத்தினம் அண்ணையின் கண் குசினி வாசல்வரை கூடவே போனது. மனுசன் முட்டையைக் கண்டே அருவருக்கிறார், எவ்வளவு பெரிய பக்திமான் என்று நான் நினைத்தேன்.

பின்னேரம் தங்குமிடத்துக்குப் பக்கத்தில் மரக்கறிக் கடை ஏதும் இருக்கிறதா என்று பார்த்துவர கஜனையும் தர்ஷினியையும் அனுப்பினோம். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்துத் தொங்கினால் அது மரக்கறிக் கடை என்று கஜன் சொன்னான். அந்தக் கொடியைத் தேடி இரண்டு பேரும் நீண்ட நேரம் அலைந்துவிட்டு, அவித்த சோளனும் வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு வந்தார்கள். பாவம் பிள்ளைகள், எங்களுக்காகக் களைத்துப்போனார்கள் என்றார் பவளம் அக்கா. ஆனால் தர்ஷினியின் முகத்தில் களைப்பு ஒன்றையும் நான் காணவில்லை.

இந்த நாட்டில் வாகனம் எங்கள் நாட்டைப் போல இடப்பக்கம்தான் ஓடுகிறது. அவ்வளவுதான் ஒற்றுமை. ஒருவரும் ஹோர்ன் அடிப்பதில்லை. சாவகச்சேரிச் சந்தையடியில் ஐந்து நிமிடத்தில் கேட்கிற ஹோர்ன் சத்தத்தை இங்கே ஒரு நாள் முழுக்கவும் நான் கேட்கவில்லை. மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கூண்டைப் பூட்டி, அதற்குள் அடுப்பையும் மூட்டி, அப்படியே பொரித்துக்கொண்டு போகிறார்கள். அப்படி ஒருவன் எங்கள் வானுக்கு முன்னால் கணவாய் சுட்டுக்கொண்டு போனான். கஜன் அவனை முந்தவே இல்லை. முந்தச் சொல்லி ஒருவரும் கேட்கவும் இல்லை. யன்னல்களைத் திறந்துவிட்டு, காற்று நல்லாய் இருக்கிறது என்று ஆளுக்காள் சொல்லிக்கொண்டோம்.

கஜனிடம் எனக்கு ஒரேயொரு குறைதான். நண்டுக்கடையைக் கண்டால் வானை மெல்ல உருட்டுவான். "அங்கிள், இஞ்சத்தை நண்டு சினைப்பிடிச்சு நல்லா இருக்கும் எண்டு சொல்லுவினம்" என்பான். சொல்லிவிட்டுக் கண்ணாடியில் என் முகத்தைப் பார்ப்பான். விரதம் காக்கிற தாய்தகப்பனைப் பின்னால் வைத்துக்கொண்டு இப்படியும் ஒரு பிள்ளை கதைக்குமா என்று எனக்குக் கவலையாக இருந்தது. அப்படியா தம்பி என்று சொல்லி எச்சிலை விழுங்குவேன்.

இரண்டாம் நாள் நக்கோன் சி தம்மராத் என்ற பழைய பட்டினம். அங்கே ஒரு சின்ன ஈஸ்வரன் கோயில் இருந்தது. இவ்வளவு தூரத்தில் சிவலிங்கத்தைக் கண்டதும் பெண்கள் இருவருக்கும் கண் கலங்கிவிட்டது. நவரத்தினம் அண்ணை கண்ணை மூடி நீண்ட நேரம் நின்றார். நானும் நின்றேன். என் பிள்ளைக்கு இந்தப் பொடியனைப் பிடிக்கவேண்டும் என்று கும்பிட்டேன். எனக்கு அவனை முதல் நாளே பிடித்துவிட்டது. வான் ஓட்டிக்கொண்டே எல்லாருக்கும் தண்ணீர்ப் போத்தல் எடுத்துக் கொடுக்கிறான், தாய்க்குச் செருப்பு அறுந்ததும் தன் செருப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு நடக்கிறான். இது குழம்பினால் நான் ஆரிடம் போய் முட்டுவேன் என்று ஈஸ்வரனிடம் நேராகவே கேட்டேன். கும்பிட்டு முடித்த கையோடு மீனைப் பற்றியும் ஒரு சின்ன விண்ணப்பம் வைத்தேன்.

உடனே பலித்தது. மத்தியானம் ஒரு சின்னக் கடையில் கங்குன் கீரை வறுவலும் மஞ்சள் நிறத்தில் ஒரு புளிக்குழம்பும் வந்தன. குழம்புக்குள் இளம் பப்பாசிக்காய் மட்டும்தான். ஒரு வாய் வைத்தேன். அப்படியொரு உருசி. சிவகாமி ஒன்றும் சொல்லாமல் இரண்டாம் முறை சோறு போட்டாள். பவளம் அக்கா தட்டை வழித்தார். என்ன போட்டுச் செய்கிறார்கள் என்று நான் கஜனைக் கேட்டேன். அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "உப்பு, அங்கிள்" என்றான். பிறகு அந்தக் கடைக்குப் பின்பக்கம் கை கழுவப் போன இடத்தில் மீன்தண்ணிப் போத்தல்களும் இறால் அரைத்த களி நிரம்பிய ஒரு வாளியும் இருப்பதைக் கண்டேன். திரும்பி வந்து நானும் ஒன்றும் சொல்லாமல் மூன்றாம் முறை சோறு போட்டேன்.

மூன்றாம் நாள் சொங்க்லாப் பக்கம் போகிற வழியில் பவளம் அக்கா வானை நிற்பாட்டச் சொல்லிக் கத்தினார். வெளியே பார்த்தால் பனை! வயல் வரம்பெல்லாம் கண்ணுக்கெட்டிய தூரம்வரை பனை. யாழ்ப்பாணத்தை யாரோ சுருட்டிக்கொண்டு வந்து இங்கே விரித்துவிட்டார்கள் போல இருந்தது. வானை நிற்பாட்டியபோதுதான் பின்சில்லுக்குக் காற்றுப் போயிருப்பது தெரிந்தது. நல்லவேளை, பனையைக் கண்டு நின்றோம். நவரத்தினம் அண்ணை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கப்பலில் கட்டளை போடுவது போலப் போட ஆரம்பித்தார். நான் வானை உயர்த்துகிற யாக்கியைப் பிடித்தேன், அவர் என்னில் பிழை பிடித்தார். பனையடியில் நுங்கு வெட்டிக்கொண்டிருந்த ஒரு கிழவர் எழும்பி வந்து, எங்கள் இருவரையும் கையைப் பிடித்து அப்பால் இருத்திவிட்டு, தானும் கஜனுமாகச் சில்லை மாற்றினார். எங்கே இருந்து வருகிறோம் என்று கேட்டிருக்கிறார். எங்கள் ஊரிலும் பனைதான் என்று கஜன் சொன்னதும், அப்படியென்றால் எதற்குச் செலவழித்து இங்கே வந்தார்கள் என்று கேட்டாராம். கிழவர் தந்த நுங்கை நாங்கள் குடித்த வேகத்தைக் கண்டு அவரே இன்னொரு குலையை இழுத்துப் போட்டார்.

அந்த இடத்துக்குக் கொஞ்சம் தள்ளித்தான் கருவாடு காயவைத்திருந்தார்கள். காற்று எங்கள் பக்கம் அடித்தது. சிவகாமி சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினாள். முப்பத்திரண்டு வருசம் அவளோடு வாழ்ந்தவன் நான், அந்தத் தலைப்புக்குள்ளே அவள் மூச்சை இழுத்து இழுத்து விடுவது எனக்குத் தெரியும். அப்போது பவளம் அக்கா தன்னை மறந்து, "உது கட்டாக் கருவாடெல்லோ, உப்புக் காணாது, புழுப்பிடிக்கும்" என்றார். "எண்டு முந்தி அயலுக்குள்ளை சொல்லுவினம்" என்று அவசரமாகச் சேர்த்தார். நாங்களும் ஓமோம் என்று தலையாட்டினோம். உரக்கடையில் மண்ணைத் தொட்டுப் பார்த்தே குறை சொல்கிற எனக்கு அந்த இடத்தில் மூளை வேலை செய்யவில்லை. இவ்வளவு அனுபவம் உள்ள மனுசி இதையெல்லாம் துறந்திருக்கிறாரே என்று மரியாதைதான் கூடியது.

நாலாம் நாள் சொங்க்லா. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஏரி, நடுவில் சவுக்கு மரங்களோடு நீளும் ஒரு முனை. அது தொடங்குகிற அடிப்பக்கத்தில் எங்கள் தங்குமிடம். பின்னேரம் பிள்ளைகள் வழக்கம்போல மரக்கறிக் கடை தேடிப் போனார்கள். அன்று அவர்கள் திரும்பியபோது தர்ஷினியின் கண் சிவந்திருந்தது. கஜன் என் முகத்தைப் பார்க்காமல் சோளன் பையை மேசையில் வைத்துவிட்டுப் போனான். என்ன பிள்ளை என்று கேட்க வாயெடுத்தேன், கட்டளை ஞாபகம் வந்தது, வாயை மூடிக்கொண்டேன். சிவகாமியோ, உங்கடை முகத்தைக் கண்டால் மகள் செத்தவீட்டுக்கு வந்த மாதிரி நினைப்பாள், சிரியுங்கோ என்றாள். சிரித்துப் பார்த்தேன். அது இன்னும் மோசம் என்றாள்.

கடைசி நாள் காலை விடிந்ததும் எழும்பிவிட்டேன். அன்று பின்னேரம் முடிவு. நேற்றைய சிவந்த கண்ணைப் பார்த்தால் முடிவு நல்லதாகத் தெரியவில்லை. மனக் கவலைக்கு நண்டைவிட்டால் வேறு மருந்து எனக்குத் தெரியாது. சீனி வருத்தத்துக்கு நடக்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டு வெளிக்கிட்டேன். வாசலில் நவரத்தினம் அண்ணையும் செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றார். அவருக்கும் சீனி வருத்தமாம், அவரும் நடக்கவாம். நான் ஏரிப்பக்கமாகப் போகப்போகிறேன் என்றேன். அவர் கடற்பக்கமாகப் போகிறேன் என்றார். இரண்டு பேரும் சந்தோசமாகப் பிரிந்தோம்.

முனை என்றால் என்ன என்று கப்பலோட்டிக்கும் ஞாபகம் வரவில்லை, படித்த எனக்கும் வரவில்லை. எந்தப் பக்கத்தால் போனாலும் நுனியில் ஒரே இடத்துக்குத்தான் வரவேண்டும். அங்கே மீன்வள்ளங்கள் கரை தட்டுகிற இடத்தில் ஒரு பெண் அடுப்பு வைத்து, வருகிற நண்டை அப்படியே அவித்துக் கொடுத்தாள். நான் ஒரு தகர மேசையில் சவுக்கு மரத்தைப் பார்த்தபடி இருந்து ஒரு தட்டு வாங்கினேன். நண்டின் முதல் காலைக் கடித்தபோது எனக்குப் பின்னால் இன்னொருவர் நண்டு உடைக்கிற சத்தம் கேட்டது. கல்லால் குத்திக் கூழாக்குகிற சத்தம் இல்லை. மூட்டில் பல்லை வைத்து ஒரே உடையில் சதையை முழுதாக உருவுகிற சத்தம். இப்படி உடைக்கப் பருத்தித்துறைக் கரையில்தான் ஆள் இருக்கிறது என்று திரும்பினேன். அவரும் திரும்பினார்.

நவரத்தினம் அண்ணையின் மீசையில் நண்டுச் சினை ஒட்டியிருந்தது.

"நடக்கப் போறன் எண்டியள், முதலாளி."

"நீங்களும்தானே அண்ணை."

அந்தப் பெண் நாங்கள் சிநேகிதர் என்று நினைத்து அவருடைய தட்டைத் தூக்கி என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அவர் வந்து எனக்கு முன்னால் இருந்தார். கையிலிருந்த காலைச் சாப்பிடவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

"எங்கடை சனத்தை உங்கடை பக்கத்திலை மீன் மணக்கிற ஆக்கள் எண்டு சொல்லுறவை. என்ரை காதிலையே விழுந்திருக்கு. தரகர் வந்து, அவையள் அம்மன் கோயிலடி ஆக்கள், மச்சம் மணக்காத வீடு எண்டு சொன்னவுடனை எனக்குப் பயம் பிடிச்சிட்டுது. பெடியனுக்கு உங்கடை பிள்ளையிலை சரியான விருப்பம். என்னாலை அது குழம்பக்கூடாது எண்டுதான் வாயைக் கட்டினனான்."

எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் இல்லாத கதையைச் சொல்லவில்லை. அந்தக் கதை எங்கள் பக்கத்தில் இருக்கிறதுதான். உலகம் சுற்றிய மனுசன், என் மகளுக்காக, தன் சொந்தச் சாப்பாட்டை ஒளித்துச் சாப்பிடுகிறார்.

"அண்ணை, வெள்ளிக்கிழமையைத் தவிர எங்கடை வீட்டிலை எல்லா நாளும் மீன். அதுவும் உங்கடை பருத்தித்துறை மீன்" என்றேன்.

அவர் கையிலிருந்த நண்டுக்காலைத் தட்டில் போட்டார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். வள்ளத்தில் வலை தட்டிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்க்கிற அளவுக்குச் சிரித்தார். அப்படியென்றால் உங்கள் நேர்த்தி என்று கேட்டேன். என்ன நேர்த்தி என்றார். ஒப்பரேசனுக்குப் பிறகு வைத்தது என்றேன். கண்ணில் பூ விழுந்து வெட்டினார்கள், அதற்கும் மீனுக்கும் என்ன சம்பந்தம் என்றார். தரகரை இரண்டு பேரும் மாறி மாறித் திட்டிக்கொண்டு அந்தத் தட்டை முடித்தோம். அதற்குப் பிறகு ரெலிபோன் எடுத்து எல்லாரையும் முனைக்கு வரச் சொன்னார்.

பெண்கள் வந்தார்கள். மேசையில் மலைபோல நண்டு ஓடு. சிவகாமி என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு உயிர் போய் வந்தது. நான் விசயத்தைச் சொன்னேன். பவளம் அக்கா தொப்பென்று கதிரையில் இருந்தார். பிறகு தன் கைப்பையைத் திறந்து, ஊரிலிருந்து கொண்டுவந்து இவ்வளவு நாளும் குளியலறைக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு தின்ற இறால் சம்பல் போத்தலை எடுத்து மேசையில் வைத்தார். சிவகாமி அதை மோந்து பார்த்துவிட்டு, இவ்வளவு நாளும் வானுக்குள் மணந்தது இதுதானா, எனக்கு விசர் பிடிச்சிட்டுது எண்டெல்லோ நினைச்சன் என்று சொல்லி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் சிரித்தார்களா அழுதார்களா என்று எனக்குத் தெரியவில்லை.

பிள்ளைகள் மட்டும் ஆச்சரியப்படவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். கஜன் கதிரையில் சாய்ந்து ஒரு பெருமூச்சு விட்டான். அந்தக் கடைக்காரப் பெண் தர்ஷினியைக் கண்டு சிரித்து, இரண்டு விரலைக் காட்டி ஏதோ கேட்டாள். நேற்று மாதிரி இரண்டு தட்டா என்று கேட்கிறாள் என்றான் கஜன்.

நான் மகளைப் பார்த்தேன். அவள் பெரிய நண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு இருந்தாள்.

"ரண்டு வீட்டிலையும் மச்சம்தான் எண்டு முதல் நாளே ஆளுக்காள் சொல்லிப்போட்டம் அப்பா. உங்களுக்கு மரக்கறிக் கடை தேடுற சாட்டிலைதான் நாங்கள் கதைச்சுப் பழகினது. நீங்களாச் சொல்லுறியளோ எண்டு பாப்பம் எண்டு நான்தான் இவரை மறிச்சு வைச்சனான். ரண்டு வீட்டுக்கும் பயந்து ஒரு குழம்பை ஒளிச்சு ஒளிச்சுச் சாப்பிடவேணும் எண்டால், நாளைக்குப் பெரிய விசயம் வரேக்கை எவ்வளவத்தை ஒளிக்கிறது? எனக்கு அந்தச் சீவியம் வேண்டாம் எண்டு நேற்று இவரிட்டைச் சொன்னனான்."

நேற்றைய சிவந்த கண் அதுதான். நான் அவனுடைய முகத்தைப் பார்த்தேன். பாவம், வழிநெடுக நண்டுக்கடையில் வானை உருட்டி உருட்டி அவன் எனக்குக் கையைக் காட்டியிருக்கிறான், நான் மரத்தை மாதிரி இருந்திருக்கிறேன்.

"இண்டைக்கும் நாங்கள் சொல்லாமல் விட்டிருந்தால்?" என்று கேட்டேன்.

"பின்னேரம் வேண்டாம் எண்டிருப்பன். அழுதுபோட்டுத்தான் சொல்லியிருப்பன், ஆனால் சொல்லியிருப்பன்."

அவள் நண்டுக் காலை மூட்டில் கடித்து உடைத்தாள். கொஞ்சம் சிதறியது. மிஞ்சிய சதையை ஓடு இல்லாமல் பொறுக்கி எடுத்து, பவளம் அக்காவின் தட்டில் வைத்தாள்.

"இந்தாங்கோ மாமி."

அதுவரை அவரை அன்ரி என்றுதான் கூப்பிட்டவள். பவளம் அக்கா அந்தச் சதையைச் சாப்பிடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கஜன் எழும்பி வள்ளங்களின் பக்கம் போய் நின்றான். சிவகாமி சேலைத் தலைப்பைத் தேடினாள். அப்ப என்ன முடிவு பிள்ளை என்று கேட்க நான் வாயைத் திறந்தேன். மேசைக்குக் கீழே நவரத்தினம் அண்ணை என் காலை நன்றாக மிதித்தார். நான் வாயை மூடிக்கொண்டு அடுத்த நண்டை எடுத்தேன்.